மும்பையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்

மும்பை மாநகர் என்றவுடன் ஊரில் இருக்கும் நம் உறவினர் மனத்தில் தோன்றுவன வானளாவும் மாளிகைகளும், ஆளை நெருக்கும் மின்சார ரயிலும், ஓயாத மழையுமேயாம். இங்கேயே வாழும் நம்மவரைக் கேட்டாலோ, அலுவலகம், வீடு, மாதுங்காக் கோயில், மார்க்கெட், ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப்பயணம் என்று ஐந்து விரல்களில் எண்ணி முடித்துவிடுவர். இந்நகரத்திற்குள்ளேயே சிறுத்தை உலவும் காடு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து தங்கும் சேற்றுவெளி உண்டு. இவையெல்லாம் உள்ளூர் ரயிலேறிச் சென்று மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவிலேயே உண்டு. அவற்றை நேரிற் கண்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக இருவர். ஒருவர் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர் திருமணத்திற்குப் பின் தாமிரபரணிக் கரையிலிருந்து இங்கு வந்து சேர்ந்தவர். குரு தேக் பகதூர் நகர் நிலையத்திற்கு அண்மையில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்டது எங்கள் இல்லம். கோட்டைப் பகுதிக் கடையொன்றில் பழைய காமிரா ஒன்றைத் தவணை முறையில் வாங்கினோம். அதைப் பிடிப்பவர் இல்லத்தரசியார். நாள், நேரம், இடம், கண்ட உயிரினத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிபவர் எழுத்தர். அவரவர்க்கு எது கைவருமோ அதுவே அவரவர் பொறுப்பு. ஞாயிறுதோறும் இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்துடன் புறப்பட்டுவிடுகிறோம்.

முதலில், வீட்டிற்கு அண்மையிலுள்ள ஓர் இடத்தைக் கூறுவோம். தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. அதன் பரப்பு 37 ஏக்கர். 1970களில் அவ்விடம் மாநகரின் குப்பைமேடாக இருந்தது. பின்னர் மண்ணிட்டு மரம் வளர்த்து, 1994ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறிய நம்மவர் பலர்க்கு அது கூப்பிடு தூரம். வாயிலைக் கடந்தவுடன் சாலையின் இரைச்சல் குறைந்து, 'டொங்க், டொங்க்' என்று யாரோ செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அது ஒரு சிறு பறவையின் குரல். பச்சை உடலும் மார்பில் சிவப்புப் பட்டையும் கொண்ட அப்பறவையைத் தமிழில் செம்மார்புக் குக்குறுவான் என்பர். மராத்தியர் அதற்கு இட்ட பெயர் 'தாம்பட்'. செம்புக் கொல்லன் என்பது பொருள். நம்மவர் மார்பின் நிறத்தைப் பெயரில் வைத்தனர்; இவ்வூரார் குரலின் ஒலியை வைத்தனர். எங்கள் குறிப்பேட்டில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் மராத்திப் பெயரையும் எழுதும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

இனி, எங்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த சேவ்ரிக்கு வருவோம். எங்கள் நிலையத்திலிருந்து துறைமுக வழி ரயிலில் ஏறினால் வடாலாவுக்கு அடுத்த நிலையம் சேவ்ரி. கிழக்குப் புறமாக இறங்கி, லாரிகள் வரிசையாய் நிற்கும் சாலையில், எண்ணெய்க் கிடங்குகளின் மதிலோரமாக நடக்க வேண்டும். வழியில் அழகென்று சொல்ல ஒன்றுமில்லை; தூசியும் நாற்றமும் உண்டு. சாலை முடியும் இடத்தில் பழைய படகுத்துறை. அதன் அப்பால், நீர் வற்றிய வேளையில், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கருஞ்சேறு. அந்தச் சேற்றின்மேல் இளஞ்சிவப்பு விரிப்பு ஒன்றை உதறிப் போட்டாற்போலப் பூநாரைக் கூட்டம் நிற்கும். முதன்முதல் அதைக் கண்டபோது காமிராவை எடுக்கவும் தோன்றாமல் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

பூநாரைகளில் இரண்டு இனங்கள் இங்கு வருகின்றன. பெரும் பூநாரை ஏறத்தாழ ஐந்தடி உயரம் வரை வளரும். வெண்மை மிகுந்த உடல், நுனி மட்டும் கறுத்த இளஞ்சிவப்பு அலகு. சிறு பூநாரை உயரம் குறைந்தது, நிறம் செறிந்தது, அதன் அலகு கருஞ்சிவப்பு. சேவ்ரியில் மிகுதியாகக் காணப்படுவது சிறு பூநாரையே. கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக வைத்துச் சேற்றுநீரை அரித்து, அதிலுள்ள நுண்ணிய பாசிகளை உண்ணும். அப்பாசியில் உள்ள நிறப்பொருளே சிறகில் ஏறிச் சிவக்கிறது. இவை இந்நகரில் பிறந்தவை அல்ல. குஜராத்தின் கட்ச் உவர்நிலம் இவற்றின் இனப்பெருக்க இடங்களுள் ஒன்று. கார்த்திகை மார்கழியில் வரத் தொடங்கிக் கோடை முடியும்வரை தங்கிப் பின்பு செல்கின்றன. நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைகளைக் கண்டவர்கள் இருக்கலாம். பிழைப்பிற்காக வந்து, பருவம் வந்ததும் ஊர் திரும்பும் இப்பறவைகளைப் பார்க்கையில் நம் போன்றோர்க்கு ஒரு தனிப் பரிவு உண்டாவது இயல்பே.

இவ்வளவு பறவைகளும் இந்த நாற்றமெடுக்கும் சேற்றை நாடுவது ஏன் என்ற ஐயம் எழலாம். நகரத்துக் கழிவுநீர் கழியில் கலப்பதால் பாசி செழித்து வளர்கிறது என்றும், அதுவே பூநாரைகள் பெருகக் காரணம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். ஆயின் அளவு மிஞ்சினால் அதே கழிவு அவற்றிற்கு நஞ்சாகவும் கூடும். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் எடுத்த கணக்கில் இப்பகுதியின் கழிகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பூநாரைகள் இருந்தன. 1883இல் தோன்றிய அக்கழகமே பறவையியல் அறிஞர் சாலிம் அலி தம் வாழ்நாளெல்லாம் பணியாற்றிய இடமாகும்.

சேவ்ரியில் படம் எடுக்க விரும்புவோர் முதலிற் பார்க்க வேண்டியது கடலின் கால அட்டவணை. ரயில்வேயில் இருப்பவர்க்கு அட்டவணை புதிதன்று. ஆனால் கடலின் வண்டி ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்குச் சற்று மிகுதியாகத் தாமதித்தே வரும். எனவே ஒரு ஞாயிறு நண்பகலில் நீர் ஏறி நின்றால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏறக்குறைய வற்றிக் கிடக்கும். நீர் முற்றும் வற்றியிருந்தால் பறவைகள் நெடுந்தொலைவில் பரந்து நிற்கும். முழுதும் ஏறிவிட்டால் பறந்து போய்விடும். நீர் ஏறத் தொடங்கி, உச்சத்தை அடைவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் அவை கரையை நோக்கி அடியடியாக ஒதுங்கி வரும். மற்றொன்று, கழி கிழக்கே இருப்பதால் காலை வெயில் கண்ணிற்கும் காமிராவிற்கும் எதிராக அடிக்கும். பிற்பகலில் கதிரவன் நம் முதுகிற்குப் பின்னிருந்து பறவைகளின்மேல் ஒளி வீசும். துறைமுக வழியில் ஞாயிறுகளில் பராமரிப்புப் பணிக்காக நண்பகல் நேரத்தில் வண்டிகளை நிறுத்திவைப்பதுண்டு. ஆகவே முற்பகலிலேயே சென்று, துறையில் நிழல் தேடி உட்கார்ந்து, புளியோதரையை உண்டு காத்திருப்பதே எங்கள் வழக்கம்.

அந்தக் காத்திருப்பில்தான் ஒரு முதிய மீனவரின் நட்பு கிடைத்தது. இம்மாநகரின் பழங்குடியாகிய கோளி இனத்தவர் அவர். நாங்கள் அவரைக் 'காகா' என்று அழைக்க, அவர் இல்லத்தரசியாரைத் 'தாயி' என்று அழைப்பார். மராத்தியில் அது அக்காளைக் குறிக்கும் சொல். நம் செவிக்கோ தாய் என்றே விழும். நீர் ஏற்றத்திற்கு 'பரதி' என்றும், வற்றத்திற்கு 'ஓஹோட்டி' என்றும் சொல்லிக் கொடுத்தவர் அவரே. பூநாரைக்கு 'ரோஹித்' என்றும் 'அக்னிபங்க்' என்றும் பெயர்கள் உண்டு என்றார். நெருப்புச் சிறகு என்பது அக்னிபங்கின் பொருள். கூட்டம் எழுந்து சிறகு விரிக்கும்போது உள்ளே மறைந்திருந்த செந்நிறம் ஒருசேர வெளிப்படுவதைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

அந்தக் காட்சியை வேண்டியே ஒரு மாசி மாத ஞாயிற்றில் இளைஞர் சிலர் கல்லெடுத்தனர். பறக்கும் கூட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முதற் கல் சேற்றில் விழுந்தது. அருகில் நின்ற பறவைகள் தலை தூக்கின. இவ்வூருக்கு வந்து நான்காண்டுகள் ஆகியும் காய்கறிக் கடையில் விரலைக் காட்டியே பேரம் முடித்துவந்த இல்லத்தரசியார், காமிராவைக் கீழிறக்கிவிட்டு, 'தகட் மாரூ நகா!' என்று உரக்கக் கூறினார். கல்லெறியாதீர்கள் என்பது பொருள். பின்பு தமக்குத் தெரிந்த மராத்தியில், இப்போது 'பரதி' ஏறிவருகிறது, இன்னும் சிறிது நேரமே அவற்றிற்கு உணவு வேளை, எழுப்பிவிட்டால் பசியோடு போகும் என்று விளக்கினார். சொற்களில் இலக்கணம் இருந்ததோ இல்லையோ, பொருள் போய்ச் சேர்ந்தது. இளைஞர்கள் கல்லைக் கீழே போட்டனர். அவர்களில் ஒருவர் அருகில் வந்து காமிராவில் உள்ள படங்களைக் காட்டும்படி கேட்டுப் பார்த்தார். காகா மட்டும் ஒன்றும் பேசாமல் வலையைப் பின்னியவாறு சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இல்லத்தில் இந்நிகழ்ச்சியின் விளைவு சிறிதன்று. தென்னகத்திற்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதும் கிழிப்பதுமாக மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. சொந்த விருப்பத்தின் பேரில் வேறு ரயில்வேக்கு மாறுவோர் அங்கே பணிமூப்பில் கடைசி இடத்தையே பெறுவர். அந்த இழப்பையும் ஏற்கலாம் என்று நாங்கள் எண்ணியதற்குக் காரணம், பேச்சுத் துணையின்றி ஓர் அறைக்குள் பகலெல்லாம் கழியும் வாழ்க்கையே. அந்த ஞாயிற்றுக்குப் பின் விண்ணப்பத்தைப் பற்றிய பேச்சு தானே குறைந்தது. இவ்வாண்டு அதை எழுதவில்லை. வரும் ஆண்டு எழுதுவோமா என்பதை இப்போது சொல்ல இயலாது. ஆயினும் எழுதினால், ஊரை நினைத்து எழுதுவோமேயன்றி, இவ்வூருக்கு அஞ்சி எழுதமாட்டோம்.

சேவ்ரியின் தோற்றமும் மாறிவருகிறது. கடலைக் கடந்து நவ மும்பைப் பக்கம் செல்லும் 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது, 2024 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அது தொடங்குவது இச்சேற்றுவெளியின் மேலேயே. பாலம் நகரத்திற்குத் தேவையானது. அதை மறுப்பார் இல்லை. வடக்கே தானே கழியில் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டர் பரப்பை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தனர். 2022இல் அக்கழி ராம்சார் ஈரநிலம் என்னும் உலகத் தகுதியும் பெற்றது. சேவ்ரியோ அச்சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளது. 2024 மே 20 அன்று இரவு, தரையிறங்க வந்த விமானம் ஒன்று காட்கோபருக்கு அருகே பூநாரைக் கூட்டத்தில் மோதியதில் முப்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. மறுநாள் அச்செய்தியைப் படித்தபோது, எங்கள் படங்களில் நிற்பவற்றுள் அவையும் இருந்திருக்குமோ என்ற எண்ணம் எழாமல் இல்லை. அன்று முதல் குறிப்பேட்டில் பறவைகளின் எண்ணிக்கையையும் இயன்றவரை பதிந்து வருகிறோம்.

இறுதியாகப் போரிவ்லிக் காட்டைப் பற்றிச் சில சொற்கள். வடாலாவில் மாறி அந்தேரி சென்று, அங்கிருந்து மேற்கு வழி ரயிலில் போரிவ்லியை அடைந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அண்மையிலேயே உள்ளது. நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு அது. உள்ளே கன்ஹேரி என்னும் இடத்தில் பௌத்தத் துறவிகள் பாறையைக் குடைந்து அமைத்த குகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் மழைநீரைத் தேக்கும் தொட்டிகளையும், அவற்றிற்கு நீர் கொணரும் கால்வாய்களையும் செதுக்கியிருக்கும் திறத்தைக் கண்டு வியந்தோம். 2024ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் அங்கு 'கார்வி' பூத்தது. எட்டாண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுதும் ஒருங்கே பூத்து, விதை விட்டுப் பின் மடியும் செடி அது. நம் மலைகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கு மிக நெருங்கிய உறவு. அதன் காய்ந்த தண்டுகளை நிறுத்தி மண் பூசி வார்லி மக்கள் தம் குடிசைக்குச் சுவர் எழுப்புவர். குறிஞ்சியைக் கண்ணாற் கண்டிராத நாங்கள் அதன் உடன்பிறப்பை மும்பையிற் கண்டோம். இனி அது பூப்பது 2032இல் இருக்கலாம்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மாதத்தில் ஒரு ஞாயிறையேனும் இவ்விடங்களுக்கு ஒதுக்குங்கள். விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் உள்ளதே தொடக்கத்திற்குப் போதும். குழந்தைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, காணும் ஒவ்வொன்றின் பெயரையும் தமிழிலும் மராத்தியிலும் எழுதச் செய்யுங்கள். சேற்றில் இறங்காதீர்கள், அது ஆளை இழுக்கும். பறவைகளுக்கு எதையும் எறியாதீர்கள். பிறர் எறியக் கண்டால், தெரிந்த மொழியில் நயமாகச் சொல்லுங்கள். சேவ்ரிக்குச் செல்வோர் ஏற்ற நேரத்தை முன்னாளே பார்த்துக்கொள்க. துறையில் வலை பின்னும் பெரியவரைக் கண்டால் அவரையும் கேட்டுக்கொள்க. அட்டவணையைக் காட்டிலும் அவர் கணக்கு பிசகாது.