எல்லாம் உட்பட

எங்கள் வீட்டில் கடலுக்குப் போன ஆண்களின் கணக்கு மூன்று தலைமுறைக்கு எனக்குத் தெரியும். கடலுக்குப் போன பெண் ஒருத்திகூட இல்லை. அந்தக் கணக்கில் முதல் ஆளாக என் பெயர் சேர்ந்தது போன ஆண்டு செப்டம்பரில், நாற்பத்தாறு வயதில், கிரேக்க நாட்டின் கிரீட் தீவில். அதுவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு.

ஜெர்மனியில் செவிலியராக இருக்கும் அக்கா மகள் தன் விடுமுறைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். கிரீட்டில் இறங்கிய இரண்டாம் நாள் இரவு அவள் சொன்னாள்: “சித்தி, நாளைக்கு நமக்கு கேட்டமரன்ல ட்ரிப். டியான்னு ஒரு தீவு. ஆல் இன்க்ளூசிவ்.” அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ஹோட்டல் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள், மதியச் சாப்பாடு, ஒயின், பழம், துண்டு, கடலுக்கடியில் பார்க்கக் கண்ணாடி, திரும்பக் கொண்டுவிடுவது என்று விரல் மடக்கினாள். “எல்லாம் உட்பட, சித்தி. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்.”

கடலில் சும்மா உட்கார்ந்திருப்பது என்ற வாக்கியம் எனக்குப் புதிது. அதைவிட, கேட்டமரன் என்ற சொல் அவள் வாயில் வேற்றூர்ச் சொல்லாக வந்ததுதான் உறுத்தியது. அவளுடைய தாத்தா, என் அப்பா, கட்டுமரத்தில் போனவர்.

மணக்குடிக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு ஊர் எங்களுடையது. நான் சிறுமியாக இருந்த எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபைபர் வள்ளமும் எஞ்சினும் இன்னும் எல்லோரிடமும் வந்திருக்கவில்லை. கனமில்லாத மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவைப்பார்கள். தினமும் கட்டி, தினமும் அவிழ்ப்பது. அப்படிக் காயும் மரத்தின்மேல் ஏழு வயதில் ஒருநாள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடலில்கூட இல்லை, மணலில். பெரியப்பா கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். எனக்கு ஒரு அடி. அம்மாவுக்கு, பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று அரைமணி நேர ஏச்சு. கயிற்றைத் தாண்டாதே, வலையை மிதிக்காதே, மாதவிலக்கு நாளில் மரத்தின் பக்கமே போகாதே என்ற விதிகளை அன்றைக்குத்தான் மொத்தமாகத் தெரிந்துகொண்டேன்.

பின்னாளில் தமிழ் படித்தபோது இந்த விதிகளின் மரியாதையான வடிவம் கிடைத்தது. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். ஆண் போவான், பெண் கரையில் நின்று வருந்துவாள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் இதை நடத்திவருகிறேன். ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?” அன்றைக்குச் சிரித்துவிட்டுத் தாண்டினேன். உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் அகநானூற்றிலேயே இருக்கிறது. நெல்லுக்கு உப்பு என்று சேரியில் கூவி விற்றுக்கொண்டு போகிறாள் ஒரு பெண். அவளைக் கண்டு நாய் குரைக்கிறது. என் அம்மாவும் அப்படிப் போனவள்தான். கடவத்தில் மீனைச் சுமந்துகொண்டு தெங்கம்புதூர், பறக்கை என்று நாஞ்சில் நாட்டு வயல் ஊர்களுக்கு நடந்திருக்கிறாள். அறுப்புக் காலத்தில் காசுக்குப் பதில் நெல்லை வாங்கிவந்திருக்கிறாள். நாய்களும் குரைத்திருக்கின்றன. இந்தப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, மணலில் நின்று வருந்துகிறவளை மட்டுமே நான் பரீட்சைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெராக்லியோனின் பழைய துறைமுகத்தில், வெனிஸ்காரர்கள் கட்டிய கல்கோட்டைக்கு எதிரே படகு நின்றது. வெள்ளை வெளேரென்று இரண்டு நீண்ட உடல்கள், நடுவில் தளம், முன்னால் இரண்டு உடல்களுக்கும் இடையே வலை கட்டியிருந்தார்கள். மீன் பிடிக்க அல்ல, படுத்து வெயில் காய. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஏறும்போது என் கால் ஒரு நொடி நின்றது. பெரியப்பா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது.

படகில் இருந்த இரண்டு பணியாளர்களில் ஒருத்தி இருபத்தைந்து வயதுப் பெண். வெறுங்காலோடு தளம் முழுக்க ஓடினாள். கயிற்றை அவிழ்த்தாள், சுருட்டினாள், அதன்மேல் மிதித்து நின்று பாயை ஏற்றினாள். கயிறு அவள் காலுக்குக் கீழே சாதாரணமாகக் கிடந்தது. அவள் கயிற்றைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் நான் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. காற்று வந்தது, பாய் நிறைந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் ஆங்கிலத்தில் படகைப் பற்றி விளக்கினாள். கேட்டமரன் என்பது பாலினேசியச் சொல் என்றாள். நான் பதினைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். “இல்லை, அது தமிழ்!” என்று எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்றையும் எஞ்சினையும் மீறிய சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா மகள் என் முழங்கையைத் தொட்டாள். அந்தக் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது; அது அம்மாவின் குரல்.

அந்தப் பெண் கோபப்படவில்லை, சொல்லச் சொன்னாள். சொன்னேன். கட்டு, மரம். சோழமண்டலக் கடற்கரையில் இதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் எழுதிவைத்தார். அவள் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. இரண்டு உடல்களை இணைத்துப் படகு செய்வது பசிபிக் தீவு மக்களின் அறிவு. 1876இல் நத்தானியேல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒரு பாய்ப்படகு கட்டிப் பந்தயத்தில் வென்றார். உடல் அவர்களுடையது, பெயர் எங்களுடையது. எங்கள் கட்டுமரத்துக்கு உள்ளே உட்கார இடமே கிடையாது. அலை மேலே ஏறி மறுபக்கம் இறங்கிப்போகும். அவள் ஆர்வமாகக் கேட்டாள்: “அப்படியானால் நீங்கள் நிறையப் போயிருப்பீர்களே?”

“இதுதான் முதல் தடவை” என்றேன்.

டியாவில் ஆட்கள் வசிப்பதில்லை. வறண்ட பாறை மலை, ‘க்ரிக்ரி’ என்கிற காட்டாடுகள், தெற்கே திறந்த குடாக்கள். ஒரு குடாவில் நங்கூரம் போட்டார்கள். எல்லோரும் குதித்தார்கள். எங்கள் ஊரில் பையன்கள் நடை பழகும்போதே நீச்சலும் பழகிவிடுவார்கள். கடற்கரையில் பிறந்த நான் முழங்காலுக்கு மேல் கடலைத் தொட்டதில்லை. இது வெறும் ஏக்கக் கணக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணக்குடியையும் கொட்டில்பாட்டையும் குளச்சலையும் அடித்தது. அந்த நாளில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அவர்கள் கரையில் இருந்தார்கள், புடவையில் இருந்தார்கள், நீந்தத் தெரியாமல் இருந்தார்கள். கடல் உனக்கில்லை என்று சொன்னவர்கள், கடல் வீடு தேடி வந்தால் என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை.

மிதவை உடுப்பைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தேன். பயம் போகவில்லை. பயத்தோடேயே கிடந்தேன்.

மேலே வந்ததும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டோம். அக்கா மகள் படகைச் சுற்றிக் காட்டினாள். “இதுதான் கட்டுமரம், பாட்டி!”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “எங்க மக்கா? இதுல கட்டும் இல்ல, மரமும் இல்லியே.” பிறகு, “என்ன காத்து?” என்றாள்.

வடக்கேயிருந்து வருகிறது என்றேன். “அப்ப வாடை. திரும்பும்போ பின்னால வச்சுத் தள்ளும், சீக்கிரம் வந்திருவீங்க.” கடலில் காலே வைக்காதவள் படகின் கணக்கைச் சரியாகச் சொன்னாள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயர்களெல்லாம் கரையில் நிற்கிறவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். பாஸ்தா, கோழி, சாலட், தர்ப்பூசணி. “கடல்ல போயிட்டு மீனு இல்லியா?” என்று சிரித்தாள். எவ்வளவு ரூபாய் என்றும் கேட்டாள். அக்கா மகள் பாதியாகக் குறைத்துச் சொன்னாள். அதற்கே அம்மா வாயில் கை வைத்தாள்.

அன்று இரவு அறையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே போனேன். 1811இல் லண்டனில் வெளிவந்த கொச்சைச் சொல் அகராதி ஒன்றில் ‘கேட்டமரன்’ இருக்கிறது. முதல் பொருள், ஒடிசலான கிழவி. அந்த நூற்றாண்டில் சண்டைக்காரிக் கிழவியை ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரால் ஏசியிருக்கிறார்கள். சத்தம் போடும் பெண்ணுக்கு அவர்களிடம் ஏற்கெனவே இன்னொரு பெயரும் இருந்தது: ‘ஃபிஷ்வைஃப்’, மீன் விற்பவள். நம்மிடமும் இருக்கிறது. மீன்காரி மாதிரிக் கத்தாதே. எங்கள் மரத்தின்மேல் பெண்ணை ஏறவிடவில்லை. கடல் தாண்டிப் போனதும் அந்த மரத்தின் பெயரே பெண்ணுக்கு வசையாகிவிட்டது.

அந்த வசைக்குப் பயந்து நான் செய்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு, அம்மா விற்றுத் திரும்பும் வழியில் என்னைப் பார்க்க வாசலுக்கு வந்தாள். கையில் வெறும் கடவம். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், மூன்று தெருவுக்குக் கேட்கும் குரலில். கூட நின்ற தோழிகள் யாரென்று கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரங்க என்றேன். அது அம்மாவுக்குக் கேட்டதா என்று இன்றுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் கல்லூரிப் பக்கம் வரவில்லை. நான் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டேன். என் கவிதைகளைப் பற்றி எழுதியவர்கள் ‘மென்மையான குரல்’ என்று பாராட்டியிருக்கிறார்கள். அந்த மென்மைக்கு நான் கொடுத்த விலை அதுதான்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. நைலான் வலையும் வலை பின்னும் இயந்திரமும் வந்து, கையால் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களின் வேலை போனது. மிச்சம் தலைச்சுமையும் தொண்டையும்தான். ஏலத்தில் கேட்கவும், தெருவில் விற்கவும், கடன்காரனிடம் தவணை பேசவும், பஸ்ஸில் இடம் பிடிக்கவும் அதே தொண்டை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்து, போனவர்கள் திரும்பாதபோது, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் இரங்கிக்கொண்டு இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2021இல் தமிழக அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்று வந்த வயதான பெண் ஒருவர், நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பேருந்து நிலையத்தின் நடுவில் நின்று உரத்துக் கேட்டார். அந்தக் காணொளி பரவி, ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பயணத்தில் எல்லாம் உட்பட என்று அரசு சொன்ன பிறகும், தானும் உட்பட என்பதை அவர் கத்தித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு, தை மாதம் ஒரு திங்கள்கிழமை அம்மாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். எழுபத்து மூன்று வயதுவரை அவள் விவேகானந்தர் பாறைக்குப் போனதில்லை. “நமக்கு எதுக்கு மக்கா, நம்ம கடல்தான” என்று எப்போதும் சொல்வாள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்கு வரிசையில் நின்றோம். சீருடைக்காரர் ஒருவர் மிதவை உடுப்பை நீட்டினார். அம்மா அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஏறும் இடத்தில் கொஞ்சம் நின்றாள். என் கால் ஹெராக்லியோனில் நின்ற மாதிரியே.

பிறகு ஏறினாள். படகு நகர்ந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து, கரையை, அது விலகுவதை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று செல்ஃபி எடுத்தது. அம்மா என் பக்கம் திரும்பி, எஞ்சின் சத்தத்துக்கு மேல், படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“இங்கேருந்து பாத்தா நாம நின்ன இடம் எவ்வளவு சின்னதாத் தெரியுது, பாத்தியா மக்கா!”

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம்மா என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன்.