வெற்றிலைச் சுண்ணாம்பும் என் பவளமும்

வீட்டுல பவளம் வளர்க்கிறேன்னு சொன்னா, "மோதிரத்துல வைக்கிறதா?"ன்னுதான் கேட்பாங்க. அது வேற. நான் வளர்ப்பது கடலுக்கடியில் பாறை கட்டுகிற கல்பவளம். பார்க்க செடி, தொட்டா கல், ஆனா உண்மையில் விலங்கு! உடம்புக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடும். இவர் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்து எலும்பு கட்டிக்கொள்வார்.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது 100 லிட்டர் தொட்டி. ஊரில் இந்த ஆசை நடக்காது. கல்பவளத்தை 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். இங்கே ஒரு நண்பர் தன் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோராவிலிருந்து விரல் நீளத் துண்டை வெட்டிக் கொடுத்தார். சூப்பர் க்ளூ ஜெல் வைத்துப் பாறையில் ஒட்டினேன். பதினாலு மாசத்துல உள்ளங்கை அகலம்!

வளர வளரப் பசியும் கூடியது. தண்ணீரில் கால்சியம் 420 பிபிஎம், காரத்தன்மை 8 டிகேஹெச் பக்கத்தில் நிற்கணும். அதற்கு எளிய வழி சுண்ணாம்புத் தெளிநீர். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலா அதை விடணும். கலக்கி, தெளியவைத்து, மேல் தண்ணியை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக. கடல்நீரின் பிஹெச் 8.2; தெளிநீருக்கோ 12-க்கு மேல்.

மூணு நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன். தண்ணி நாலு விரல் இறங்கியிருந்தது. அலுப்பு வேற. அப்பத்தான் கலக்கிய அஞ்சு லிட்டர் கேனை, அடி வண்டலோடு அப்படியே கவிழ்த்தேன். தொட்டி பால் மாதிரி வெளுத்தது. விடிவதற்குள் அக்ரோபோராவின் தோல் அடியிலிருந்து உரிந்து மிதந்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளை எலும்பு.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். "வெத்தலைக்கே நகத்துல தொட்டுத்தானலே தடவுவோம்? கூடிட்டா வாய் வெந்துரும்லா!" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நான் சின்னப்புள்ளையா இருக்கச்சே தீவுலேருந்து வள்ளம் வள்ளமா கல்லு வரும். சுட்டுத்தான் சுண்ணாம்பு ஆக்குவாங்க" என்றாள்.

அந்தக் கல்லும் பவளம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அப்படி வெட்டியெடுத்ததும் ஒரு காரணம். எங்க அம்மா தூத்துக்குடிக்காரி. நான் அந்தச் சுண்ணாம்பு பூசின வீட்டில்தான் வளர்ந்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

காலையில் பார்த்தால், ஒரே ஒரு நுனியில் மட்டும் பழுப்பு நிறம் மிச்சம். நக அளவு. நறுக்கி, திரும்ப ஒட்டினேன். இப்போ சுண்ணாம்பு நீர் மெல்லிய குழாய் வழியா, நொடிக்கு ஒரு சொட்டு. வண்டல் கேனிலேயே கிடக்கும்; நான் அவசரப்பட்டாலும் குழாய் அவசரப்படாது :-)

மூணு மாசம் ஆச்சு. நேத்துதான் கவனிச்சேன், ஒட்டின இடத்தைச் சுத்தி பாறைமேல் மெல்லிசா ஒரு தோல் படர ஆரம்பிச்சிருக்கு.