தைத்த துணி

இந்தியாவுக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன உடுத்த வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோளை மூடுங்கள், முழங்காலை மூடுங்கள், தொளதொளவென்று பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள், பையில் எப்போதும் ஒரு ஷால் இருக்கட்டும். இதில் எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து காசிக்கும் அமிர்தசரஸுக்கும் கிளம்பும் 61 வயசுப் பெண்மணிக்கு யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை. அவர் சேலை கட்டுபவர். சேலை கட்டியவருக்கு இந்த நாட்டில் எந்தக் கோயில் வாசலிலும் பிரச்சினை வராது, அதோடு விஷயம் முடிந்தது. அவருக்குச் சேலையோடு ஏதாவது பிரச்சினை உண்டா என்பது யாருடைய பட்டியலிலும் கிடையாது.

என் அம்மா நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சேலை கட்டுகிறார். வீட்டில் நைட்டி. பால்காரர் மணியடித்தால் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து நைட்டி மேல் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். அந்தத் துண்டு எதையும் புதிதாக மறைப்பதில்லை, நைட்டியே கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் இருக்கும். ஆனாலும் துண்டு வேண்டும். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் காலை ஆறரை மணிக்கு நின்றாலும் இதைப் பார்க்கலாம். தைத்த உடுப்பு மேல் தைக்காத ஒரு முழம் துணி விழுந்ததும் அது மரியாதையான உடையாகிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து வந்த ஜனவரியில் நானும் அம்மாவும் கிளம்பினோம். அம்மா எடுத்துவைத்தது ஏழு சேலை. ஐந்து பூனம், இரண்டு காட்டன். பயணம் என்றால் பூனம் என்பது எங்கள் வீட்டில் சட்டம். கசங்காது, இஸ்திரி வேண்டாம், ராத்திரி அலசிப் போட்டால் லாட்ஜ் ஜன்னல் கம்பியிலேயே காலைக்குள் காய்ந்துவிடும். மடித்தால் கைக்குள் அடங்கும். ஆனால் அது செயற்கை இழை. வேர்வையைக் குடிக்காது, உடம்பிலேயே நிறுத்திவைக்கும். வழுக்கும் என்பதால் கொசுவத்துக்கு ஒரு ஊக்கு, தோளுக்கு ஒரு ஊக்கு. காட்டன் நேர்மாறு. உடம்புக்கு இதம், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும், வடக்கத்திப் பனிமூட்டத்தில் இரண்டு நாளானாலும் காயாது. சௌகரியமான உடை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது எந்த நேரத்துச் சௌகரியம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. உடுத்தும்போதா, துவைக்கும்போதா, சுமக்கும்போதா?

நாள்கணக்கில் ரயில். ஐந்தரை மீட்டர் துணியோடு ஓடுகிற ரயிலின் கழிப்பறைக்குப் போய்வருவதைப் பற்றி இலக்கியத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியாது. ஈரத் தரை, ஒரு கையில் கம்பி, மறு கையில் வாரிச் சுருட்டிய சேலை. அம்மா சாயங்காலம் நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோது, "தாகம் இல்லட்டி" என்றார். காரணம் தாகமில்லை என்பது அந்தப் பெட்டியில் சேலை கட்டியிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

காசியில் விடியற்காலைக் குளிர். படித்துறைப் படிகள் உயரமானவை, ஈரமானவை, அம்மாவுக்கு மூட்டுவலி. படகில் ஏறுவதற்குள் சேலையின் கீழ்க்கரை ஒரு சாண் நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. அறைக்குத் திரும்பியதும் என்னுடைய தெர்மல் பேன்ட்டைக் கொடுத்து, பாவாடைக்கு உள்ளே போடச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நான் டீ வாங்கிவந்தபோது சேலையைக் கழற்றிப்போட்டுவிட்டு, தெர்மல் பேன்ட், என் ஸ்வெட்டரோடு கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள்ளேயே எழுந்து நாலு எட்டு நடந்து காட்டினார்.

"கால் தனித்தனியா போவுது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அது அவருக்கு ஒரு செய்தி.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் விதி எளிமையானது: தலையை மூடு, காலைத் திற. செருப்பு, காலுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாசலில் ஓடுகிற தண்ணீரில் கால் நனைத்துத்தான் இறங்க வேண்டும். ஆண், பெண், எந்த மதம், எந்த ஊர் என்றாலும் இதே விதிதான். தலைத்துணி இல்லாதவர்களுக்கு அங்கேயே கிடைக்கும். எங்கள் பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் காவித்துணியைத் தலையில் முடிந்துகொண்டு போனான். ஜீன்ஸைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்த்த வாசல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உன் உடம்பு எப்படிப்பட்டது என்று அது விசாரிப்பதில்லை, தலையை மட்டும் மூடச் சொல்கிறது.

அம்மாவின் பூனம் முந்தானைதான் தலையில் நிற்கவில்லை. எல்லா வாசலுக்கும் பொருந்தும் என்று நம்பப்பட்ட உடை அங்கே ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சில்லென்ற பளிங்குத் தரையில் குளத்தைச் சுற்றினார். லங்கரில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். ரொட்டிக்கு இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும், முந்தானையையும் பிடிக்க வேண்டும். எதிர்வரிசையில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, வெளிறிய நீலத்தில் சல்வார் கமீஸ், தலையைச் சுற்றித் துப்பட்டா, சர்வசாதாரணமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து பருப்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டி. அதே மாதிரி.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "இங்க கெழவிங்க எல்லாம் சுடிதாருல்லா போட்டிருக்காவ."

எங்கள் ஊரில் சுடிதார் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது, கல்யாணமாகி முதல் குழந்தை வரைக்கும் போடுவது. அதற்குமேல் போட்டால் 'இன்னும் சின்னப்பிள்ளன்னு நெனப்பு' என்பார்கள். பஞ்சாபில் அது பாட்டி உடுப்பு. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். ஒரு உடையிலேயே அடக்கமோ வயதோ மரியாதையோ எதுவும் நெய்து வருவதில்லை. அதை எத்தனை கிழவிகள் உடுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுநாள் கட்ரா ஜைமல் சிங் கடைத்தெருவுக்குப் போனோம். முழுக்கத் துணிக்கடைகள். நாம் எல்லாவற்றையும் சுடிதார் என்று ஒரே பெயரில் சொல்கிறோம், அங்கே அப்படிக் கேட்டால் வேறொன்றை எடுத்துப்போடுவார்கள். சுடிதார் என்பது காலோடு ஒட்டி, கணுக்காலில் வளையல் அடுக்கியதுபோல் சுருங்கி நிற்கும் கால்சட்டை; 'சூடி' என்றால் வளையல். தொளதொளவென்று மடிப்பு விழுந்து கணுக்காலில் மட்டும் குறுகுவது சல்வார். மூட்டுவலிக்காரர் தரையில் உட்கார்ந்து எழ வேண்டுமானால் சல்வார்தான். அம்மா ரெடிமேட் வேண்டாம் என்று துணி எடுத்தார், சாம்பல் கலந்த பச்சை. லாட்ஜ் பக்கத்துத் தையல்காரர் ஒரே நாளில் தைத்துத் தருவதாகச் சொன்னார். அளவெடுத்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்து, "பாக்கெட்டு வச்சுக் கேளு" என்றார். கமீஸின் வலதுபக்கத் தையலில் ஒரு பை. நாற்பது வருஷமாக ஜாக்கெட்டுக்குள் பர்ஸைச் செருகிவைத்த பெண்ணுக்கு முதல் பாக்கெட்.

அடுத்த இரண்டு நாள் அம்மா என்னைவிட வேகமாக நடந்தார். தண்ணீர் குடித்தார்.

படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் அவரேதான். பத்து நிமிஷத்தில் சித்தி பிள்ளைகள் எல்லாம் இதயம் போட்டார்கள். ராத்திரி பெரியம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் கேட்டது. "அவரு போயி ரெண்டு வருசம்தான் ஆவுது. காலங்காலமா நம்ம வீட்டுல பொம்பளைய சேலதான உடுத்தாவ. ஒனக்கு இப்பதான் ஆச வந்துதா?" அம்மா "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிட்டார். ஊருக்கு வந்ததும் அந்தப் பச்சை சல்வார் பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். "நீ சென்னைக்குப் போயிருவ மக்ளே, நாலுபேரு மத்தியில இருக்கது நானுல்லா" என்றார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் 'காலங்காலமா' என்ற சொல் என்னை விடவில்லை. எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர். எங்கள் குடும்பம் நாடார் குடும்பம். 19-ம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்த ராஜ்ஜியத்தில் எங்கள் பெண்கள் மேலே துணி போடக் கூடாது; மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைப்பதுதான் மரியாதைக்குறைவு. மதம் மாறிய பெண்கள் முதலில் துணி போட்டார்கள், பிறகு மாறாதவர்களும் போட்டார்கள். சந்தையில் வைத்து இழுத்துக் கிழித்தார்கள். 1829-ல் வந்த ஆணை, குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டுக்கொள்ளலாம், தோள்மேல் சேலை மட்டும் கூடாது என்றது. அதாவது தைத்தது தாழ்ந்தவர்களுக்கு, தைக்காதது உயர்ந்தவர்களுக்கு. 1859 ஜூலை 26-ல்தான், சென்னை மாகாண ஆளுநரின் நெருக்கடிக்குப் பிறகு, மார்பை மறைக்கலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைக் கலகம் என்று படித்திருப்பீர்கள். பெரியம்மா சொன்ன காலங்காலம் எங்கள் வீட்டில் எப்படிப் பார்த்தாலும் ஏழெட்டுத் தலைமுறையைத் தாண்டாது. அந்தச் சேலையே அடி வாங்கிக் கட்டியது.

நான் இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தார். "எங்க ஆச்சி சொல்லியிருக்கா" என்று மட்டும் சொன்னார்.

கோயில் வாசல்களில் எழுதிவைக்கும் உடைவிதிகளும் இந்த மாதிரிதான், நேற்று எழுதியதைக்கூட ஆதியிலிருந்து இருப்பதாகச் சொல்கின்றன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015 நவம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஓர் உடைவிதி போட்டது. ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது முறையான பேன்ட் சட்டை; பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது மேல்துணியோடு சுடிதார். 2016 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது, அதே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு தடை போட்டுவிட்டது. அந்தப் பட்டியலில் சுடிதார் மரியாதையான உடை. அதே 2016-ன் கடைசியில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் பெண்கள் சுடிதாரோடு வரலாம் என்று நிர்வாக அதிகாரி உத்தரவு போட்டார், எதிர்ப்பு வந்தது, கேரள உயர் நீதிமன்றம் தந்திரியின் முடிவே இறுதி என்று சொல்லி, சில நாட்களிலேயே அந்த அனுமதி போனது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே 70 கிலோமீட்டர்கூட இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1936 நவம்பர் 12-ல் வந்த கோயில் நுழைவுப் பிரகடனத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் எதை உடுத்திக்கொண்டு போயிருந்தாலும் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

போன ஆவணியில் திருவனந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பு. முடித்துவிட்டு அப்படியே பத்மநாபனைப் பார்க்கலாம் என்று திட்டம். கிளம்பும் அன்று காலை அம்மா பச்சை சல்வாரோடு அறையிலிருந்து வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவார் என்று பயம்.

கோயிலுக்கு வெளியே கடைகளில் வேட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றி, பேன்ட்டுக்குப் பதில் வேட்டி கட்ட வேண்டும். சுடிதாரோடு வந்த பெண்கள் அதற்குமேலேயே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் போதும், விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அல்ல விஷயம், மேலே தைக்காத துணி வேண்டும். பால்காரர் முன் போட்டுக்கொள்ளும் துண்டேதான், கொஞ்சம் நீளம். அம்மா கமீஸ் மேலேயே வேட்டியைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தன்னைக் குனிந்து பார்த்தார்.

"உள்ள தச்சது, வெளிய தைக்காதது. சேல கட்டினாலும் ஜாக்கெட்டு தச்சதுதானட்டி?"

"சத்தமா சொல்லாதீங்கம்மா."

"சாமிக்குத் தெரியாதாக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குள் கேலியோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிராகாரத்தின் கல்தூண்களைத் தொட்டுத் தொட்டு நடந்தார். பத்மநாபனை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. மூன்று வாசல் வழியாக முகம், நாபி, பாதம் என்று பகுதிபகுதியாகத்தான் தரிசனம். பாத வாசலில் கூட்டம் தள்ளியும் நகராமல் நின்று, அப்பா பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இந்த விதிமேல் இருக்கிற கோபம் அம்மாவுக்குக் கிடையாது. வேட்டி சுற்றச் சொன்னால் சுற்றிக்கொள்வார், சாமியைப் பார்ப்பார், வெளியே வந்து அவிழ்த்துக் கொடுப்பார். நான் இப்போது எங்கே போனாலும் பையில் ஒரு நாலுமுழ வேட்டி வைத்துக்கொள்கிறேன். தலையை மூடச் சொன்னாலும், இடுப்பைச் சுற்றச் சொன்னாலும் ஆகும். ஒன்றும் கேட்காத ஊரில் ரயில் பெர்த்தில் விரிக்கலாம். விதிகளோடு எனக்கு இருக்கிற உடன்பாடு அந்த நாலு முழம்தான்.

வெளியே வந்தோம். செல்போனைக் கொடுத்துவைத்த இடத்தில் டோக்கன் கேட்டார்கள். டோக்கன் கமீஸ் பாக்கெட்டில், பாக்கெட் வேட்டிக்கு அடியில். அம்மா அங்கேயே ஓரமாக நின்று வேட்டியை அவிழ்த்து, மடிப்பு மாறாமல் நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு டோக்கனை எடுத்தார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். நடக்கலாம் என்றார். பாதி வழியில், முன்னால் போய்க்கொண்டே சொன்னார்:

"இனி தைக்கும்போ ரெண்டு பக்கமும் பாக்கெட்டு வைக்கச் சொல்லணும்."