ஏ.பி.டி. ஓடிய ஊர்

பொள்ளாச்சியில் அன்று “பஸ் வந்துருச்சா” என்று கேட்டவர்கள் குறைவு. “ஏ.பி.டி. வந்துருச்சுங்களா?” என்பதுதான் பேச்சு. ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் என்ற முழுப்பெயர் பெயர்ப் பலகைக்கு மட்டும். சந்தை கூடும் வியாழக்கிழமை அந்த வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். கூரைமேல் வெல்லச் சிப்பம், சீட்டுக்கடியில் கால் கட்டிய கோழி, படியில் தொங்கும் ஆட்கள். காதில் பென்சிலைச் சொருகிய கண்டக்டர், “உள்ள போங்க, உள்ள எடம் கெடக்குது” என்று இல்லாத இடத்தைக் காட்டுவார். மாடு விற்றுத் திரும்பும் பெரியவர் மடியை அவிழ்த்துச் சில்லறை எடுப்பதற்குள் ஒரு மைல் போயிருக்கும்.

நாச்சிமுத்துக் கவுண்டர் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றித் தொடங்கிய தொழில் அது. அவர் மகன் நா. மகாலிங்கம் 1923-ல் பிறந்தவர். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்துவிட்டு ஊருக்கு வந்தார். 1952 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்துச் சட்டமன்றம் போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1967 வரை எம்.எல்.ஏ.

“பஸ் முதலாளி ஓட்டுக் கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்?” என்று திண்ணைகளில் ஒரு முணுமுணுப்பு உண்டு. அது வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு அந்த வண்டிகளை நம்பித்தான். ஆனால் ஜெயித்துப் போனவர் என்ன கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீர் கேட்டார்.

இன்று தென்னந்தோப்பாகக் கிடக்கிற எங்கள் பக்கம் அன்று பெரும்பாலும் மானாவாரி. சோளமும் நிலக்கடலையும்தான். கிணறு உள்ளவர்கள் விடியுமுன் கவலை பூட்டி, வடக்கயிற்றில் உட்கார்ந்து எருதுகளை ஓட்டுவார்கள். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும் சத்தம் பக்கத்துக் காடு வரை கேட்கும். வைகாசியில் அந்தச் சத்தமும் நின்றுவிடும். அப்படிப்பட்ட பூமிக்கு, ஆனைமலையில் மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆறுகளை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிக் கொண்டுவந்ததுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். காமராஜர் முதலமைச்சர், பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம் அமைச்சர். இத்திட்டத்துக்கு உரிமை கொண்டாட இன்று ஆள் பலர். ஒருவரால் ஆன காரியமல்ல அது. ஆனால் சட்டமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தவர்களில் மகாலிங்கத்துக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

மகாலிங்கம் 1961-ல் தொடங்கிய சக்தி சுகர்ஸின் ஆலை பொள்ளாச்சியில் இல்லை. பவானி அருகே ஆப்பக்கூடலில். ஊருக்கு அவர் தந்தது அப்பா பெயரில் பாலிடெக்னிக். எங்கள் தெருவில் முதன்முதலாக டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன்கள் அங்கே படித்தவர்கள்தான்.

எழுபதுகளில் பஸ்கள் அரசுடைமை ஆகி, சேரன் என்ற பெயரோடு ஓடின. கிழவிகள் மட்டும் சேரனையும் ஏ.பி.டி. என்றே கைகாட்டி நிறுத்தினார்கள். அதற்கு முன்பே மகாலிங்கம் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்தார். பிறகு வள்ளலார், காந்தி, ‘ஓம் சக்தி’ இதழ் என்று போயிற்று அவர் காலம். மந்திரி பதவியில் ஒருநாளும் உட்காராதவர், 2014 அக்டோபர் 2 அன்று, தொண்ணூற்றொரு வயதில் சென்னையில் காலமானார்.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத்தான் இன்றும் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு காட்டுக்கு முறை திரும்பிவர இரண்டு வருஷம். பற்றாக்குறை தீர வேண்டிய ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் இன்னும் பேச்சிலேயே நிற்கிறது. எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர் முதலாளியோ தொழிலாளியோ, முதலில் அதைக் கேளுங்கள்.