கடலிலிருந்து கண்ட தூத்துக்குடி

யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் என்ற டச்சுப் பாதிரியார், மலையாளக் கரையையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் வருணித்து எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. பதினான்காம் லூயியின் சேனை ஒல்லாந்துக்குள் புகுந்து அந்தக் குடியரசையே நிலைகுலையச் செய்த ஆண்டு அது; பகைவன் வாசலில் நிற்கும்போது தூரதேசத்துத் துறைமுகங்கள் தம் வசமிருப்பதைச் சித்திரத்திற் கண்டு அந்நாட்டு வர்த்தகர்கள் தேறுதல் அடைந்திருக்கலாம் என்று எண்ணினால் எனக்குச் சிரிப்போடு சற்று இரக்கமும் உண்டாகிறது.

அந்நூலில் நம் தூத்துக்குடிக்கும் ஒரு சித்திரம் உண்டு. ஊரைக் கடலிலிருந்து நோக்கி, முன்னே கொடி பறக்கும் கப்பல்களையும் பின்னே மெல்லிய கோடாகக் கரையையும் அமைப்பது அக்கால வழக்கம். செப்புத் தகட்டில் உளியோட்டிய சித்திரக்காரனோ, பெரும்பாலும் இந்தக் கரையை மிதியாதவனாய், எவரோ வரைந்தனுப்பிய கோட்டுருவத்தில் மேகத்தையும் அலையையும் தன் ஊர் வானத்தையும் கடலையும் பார்த்தே நிரப்பிவிடுவான். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து இத்துறையைப் பறித்த டச்சுக் கம்பெனியின் பிரதாபத்தைச் சொல்ல அந்தக் கொடிகள் போதும். நிலம் மதுரை நாயக்கருடையது என்பதையும், முத்துச்சிலாபம் பரதவரின் மூச்சை நம்பியது என்பதையும் சொல்லச் சித்திரத்தில் இடமில்லை.

ஆயினும் சித்திரக்காரன் மறைக்க முடியாத ஒன்று இருந்தது. போர்த்துக்கேயர் எழுப்பிய மூன்று மாதா கோயில்களும் கடலில் நெடுந்தூரத்திலிருந்தே தெரியும் என்று, 1682இல் வெளியான தம் யாத்திரை நூலில் யோஹான் நியூஹோப் எழுதுகிறார். வென்றவனுக்காக அச்சிட்ட காட்சியில் தோற்றவனின் கோயில்களே ஓங்கி நின்றன! கத்தோலிக்க குருமாரைத் துரத்தியும், பால்தேயுஸ் நேரில் வந்து பிரசங்கித்தும், பரதவர் மாதாவைக் கைவிடவில்லை. இன்றுள்ள பனிமய மாதா ஆலயம் எழுந்த 1713இலும் துறை டச்சுக்காரர் கையில்தான் இருந்தது.

ஆதிச்சநல்லூர்வாசியான நான் அக்காட்சியில் எங்கள் ஊரைத் தேடுவது வீண். கப்பல் தட்டிலிருந்து பார்க்கிறவனுக்குத் தாமிரபரணிக் கரைப் பறம்பு எப்படித் தெரியும்? 1876இல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து அப்பறம்பில் புதைந்திருந்த பழைய ஈமத்தாழிகளைத் தோண்டிக் கொண்டுபோன பிறகே ஐரோப்பா எங்களை அறிந்தது. பின்னர் அகழ்ந்த அலெக்சாந்தர் ரே 1915இல் வெளியிட்ட பட்டியலில் நாங்களும் அச்சிற் படமானோம்: கப்பலில்லை, கொடியில்லை, மேகமில்லை, இரும்பும் வெண்கலமும் பானைகளும்தான்.