தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடாதீங்க!

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வண்டியைக்கூட அந்த ஏற்றம் சோதித்துப் பார்த்துவிடும். இரண்டாவது கியரிலேயே போக வேண்டும்; இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும். ஆனால் வண்டியின் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. சூடு அதிகம், ஆற்ற வழி குறைவு.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ளக் காரணம் என் மாமியார். வாரம் இரண்டு நாள் அவருக்கு நாமக்கல்லில் டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது துவண்டு போயிருப்பார். பஸ்ஸில் அந்த வளைவுகளை அவரால் தாங்க முடியாது. எங்களுக்கு இருப்பது ஒரு பழைய ஜீப். அதன் இன்ஜின் ஓய்ந்துபோனதால், போன வருடம் வீட்டுக்காரர் 2.5 லிட்டர் டர்போ டீசல் இன்ஜினை மாற்றினார். ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் எல்லாம் முறையாக முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம்.

இழுவை பிரமாதம். ஆனால் ஏற்றத்தில் 40-வது வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். ஒரு மாதத்தில் நான்கு முறை நடுவழியில் நின்றோம். ஈரத்துண்டால் அத்தையின் முகத்தைத் துடைத்துவிட்டபடி, இன்ஜின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருப்போம். ஒருமுறை உதவிக்கு வந்த ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போக, வீட்டுக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். சூட்டில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகமே வெந்துவிடும்.

இன்ஜினை மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கிடம் போனோம். "தெர்மோஸ்டாட்டு நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குங்க? கழட்டி வீசிட்டா தண்ணி தாராளமா ஓடுமுங்க" என்று அதைக் கழற்றிவிட்டார். நம் ஊரில் பல பட்டறைகளில் கிடைக்கும் வைத்தியம் இது.

அடுத்த வாரம் இரண்டு அதிசயங்கள். மலையில் காலைக் குளிரில் வண்டி எடுத்தால் இன்ஜின் சூடேறவே இல்லை. புகையும் டீசல் செலவும் கூடின. மாலை ஏற்றத்திலோ, முள் பழையபடி சிவப்பில்!

நான் பள்ளியில் அறிவியல் டீச்சர். தடையை எடுத்த பிறகும் ஏன் சுடுகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. புது தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 82 டிகிரி நெருங்கியதும் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வால்வு மெதுவாகத் திறந்தது. 95 வாக்கில் முழுதாகத் திறந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன்: மேல் வால்வு திறக்கத் திறக்க, அடியில் இருந்த ஒரு சின்னத் தட்டு கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அந்தத் தட்டு எதற்கு என்று விளக்கியவர், நாமக்கல் லாரிப் பட்டறையில் இருக்கும் ஒரு வயதான மேஸ்திரி. "அம்மிணி, இன்ஜினுக்குள்ள தண்ணிக்கு ரெண்டு பாதை. ஒண்ணு ரேடியேட்டருக்குப் போறது. இன்னொண்ணு பைபாஸ், குறுக்கு வழி. இன்ஜின் சூடானா இந்தத் தட்டு குறுக்கு வழியை மூடிப்போடும். தெர்மோஸ்டாட்டே இல்லீன்னா குறுக்கு வழி எப்பவும் தொறந்தே கெடக்கும். சுடுதண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாம, திரும்ப இன்ஜினுக்கே வந்துரும்" என்றார்.

ஏற்றத்தில் கொதித்ததற்கு அதுதான் பதில். ரேடியேட்டர் பாதையும் மூடாமல் எப்போதும் திறந்தே கிடந்ததுதான் குளிரில் சூடாகாததற்குக் காரணம்.

"அப்ப 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டா இன்னும் குளுமையா இருக்குமாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மேஸ்திரி சிரித்தார். "அது சீக்கிரம் தொறக்கும், அவ்வளவுதான் தம்பி. முழுசாத் தொறந்த பொறவு எல்லாம் ஒண்ணுதான். சூட்டை வெளிய தள்ள வேண்டியது ரேடியேட்டரும் ஃபேனும்." எங்கள் இன்ஜினுக்குக் கம்பெனி சொன்னது 82, அதையே போட்டார்.

ஆனால் முதலில், தெர்மோஸ்டாட் இருந்தபோதே ஏன் சூடானது? மேஸ்திரி ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கூலன்ட் டேங்க், இன்ஜின் தலையைவிடத் தாழ்வாக இருந்தது. காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் தங்கும். அது இன்ஜின் தலையிலேயே அடைத்துக்கொண்டால், அங்கே தண்ணீர் தொடாது. எனவே டேங்கை எல்லாவற்றுக்கும் மேலே உயர்த்தினார். தெர்மோஸ்டாட்டின் ஓரத்தில் ஆடும் சின்னப் பின் உள்ள துளையும் காற்று வெளியேறத்தான். அது மேல் பக்கம் வரும்படி பொருத்தினார்.

அடுத்தது டர்போ. எங்கள் டர்போவுக்கு ஆயிலோடு தண்ணீர் லைனும் உண்டு. இன்ஜினை நிறுத்தியதும் பம்ப்பும் நின்றுவிடும். ஆனால் டர்போ கனன்றுகொண்டே இருக்கும். அப்போது தண்ணீரைச் சுற்றவைப்பது, நான் எட்டாம் வகுப்பில் நடத்தும் வெப்பச்சலனம்தான்: சூடான நீர் மேலே போகும், ஆறிய நீர் கீழே வரும். அதற்கு டர்போவில் இருந்து டேங்க் வரை ஹோஸ் மேல்நோக்கியே போக வேண்டும். எங்கள் வண்டியிலோ அது ஒட்டக முதுகு மாதிரி ஏறி இறங்கியது. அந்தத் திமிலில் ஆவி சிக்கிக்கொண்டால் சுழற்சி நின்றுவிடும். அதையும் நேராக்கினார். ஃபேனைச் சுற்றி, முன்பு இல்லாத ஷ்ரவுடையும் மாட்டினார்.

கடைசியாக மூடி. உயரம் கூடக் கூட, தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். 1,200 மீட்டர் உயரத்தில் 96 போதும். குக்கர் வெயிட் மாதிரி, ரேடியேட்டர் மூடிதான் அழுத்தத்தைப் பிடித்து, கொதிநிலையை 100-க்கு மேலே கொண்டுபோகிறது. ரப்பர் தளர்ந்த பழைய மூடியை மாற்றினோம். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும் என்பதால், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். குழந்தைகள், நாய்கள் பக்கம் வேண்டாம்.

ஆறு மாதமாக முள் நடுவைத் தாண்டவில்லை. எழுபதாவது வளைவுவரை அத்தை பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிறார். வாசலில் நின்றதும் இன்ஜினை உடனே அணைப்பதில்லை. டர்போ ஆற ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுகிறோம். முதலில் "வந்துதான் சேர்ந்தாச்சே, இன்னும் என்னத்துக்கு ஓடுது?" என்று கேட்ட அத்தை, இப்போது அந்த நேரத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இறங்கத் தயாராகிவிடுகிறார்.