திருகு தேயும் சத்தம்

அந்த எந்திரத்தை யாரும் இழுக்கவில்லை. அதன் சக்கரத்தைச் சுழற்ற மோட்டாரும் கிடையாது. வயிற்றுக்குள் வரிசையாகச் சுழலும் திருகுகள் கான்கிரீட்டைப் பின்பக்கம் நெருக்கித் தள்ள, அந்த எதிர்விசையிலேயே எக்ஸ்ட்ரூடர் முன்னால் ஊர்கிறது. அது கடந்துபோன இடத்தில், நெடுக ஓட்டைகள் ஓடும் தளப்பலகை முறுக்கு அச்சில் பிழிந்ததுபோல் உருக்குலையாமல் கிடக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பிரீகாஸ்ட் ஆலையில் பொறியாளராக இருக்கும் நண்பர், ஹாலோகோர் ஸ்லாப் போடுவதைப் பார்க்க அழைத்திருந்தார். நூறு மீட்டருக்கு மேல் நீளும் இரும்புப் பரப்பை ஆட்கள் ‘பெட்’ என்கிறார்கள். ஏழு இழை முறுக்கிய கம்பிகளை அதன்மேல் ஜாக்கியால் விறைப்பாக இழுத்து, இரு முனையிலும் பூட்டிய பிறகுதான் எந்திரம் ஏறும். ஆய்வகம், கலவை விகிதம் என்று நண்பர் காட்டியது எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

எந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர்மேல்தான் கண் இருந்தது. அவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டத்து இளைஞர்கள் பலரைப்போல அவரும் பதினேழு வயதில் சூரத்துக்குப் போய் விசைத்தறி ஓட்டியவர். தறி இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது. ஹாப்பரில் கலவை விழுந்ததும் ஒரு பிடி அள்ளி இறுக்கினார். உருண்டை உடையக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் படிய வேண்டும். தண்ணீர் கூடினால் ஓட்டையின் மேற்புறம் அமுங்கிவிடும். குறைந்தால் கான்கிரீட் கம்பியைப் பற்றாது.

கழற்றிப் போட்டிருந்த பழைய திருகைப் புரட்டிக் காட்டினார். எம்-சாண்டும் ஜல்லியும் உரசி உரசி அதன் விளிம்பு மெலிந்து பளபளத்தது.

“இது தேஞ்சா ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள சுவர் கெட்டியா வராது சார். சத்தத்துலயே தெரிஞ்சிடும்.”

கேட்கும் காதை எந்திரத்தின் பக்கம் திருப்பியபடியே அவர் கூட நடக்கிறார். பக்கத்து பெட்டில் முந்தைய நாள் வார்த்ததை வைர பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த முகத்தில் கம்பி எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று போய்ப் பார்த்தார். அளவுக்கு மேல் உள்வாங்கினால் பிடி விட்டது என்று அர்த்தம். அந்தப் பலகை வெளியே போகாது.

இவ்வளவு தெரிந்தவருக்குச் சம்பளம் தருவது ஆலை அல்ல, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். அறை வாடகை, சாப்பாடு, ரயில் டிக்கெட்டுக்குத் தந்த முன்பணம் என்று பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வருகிறது. ஒரு திருகைக்கூடத் தொடாதவர் ஒவ்வொரு மாதமும் அவர் உழைப்பில் பங்கு எடுக்கிறார். இது கொள்ளை. சட்டமும் துணைக்கு வரவில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரும் வேலையை விலக்கிவிட்டது. சைட்டில் தளம் போடும் கொத்தனார் அந்தச் சட்டத்தின்படி கட்டடத் தொழிலாளியாக இருந்தார்; அதே தளத்தை ஆலையில் வார்க்கும் இவர் அப்படி இல்லை. எந்திரம் ஓட்டுகிறவரை ஆலையே நேரடியாக வேலைக்கு எடுத்தால் என்ன?

நண்பரிடம் கேட்டேன். புதுத் திருகு வாங்க உடனே கையெழுத்து கிடைக்கும், ஆள் எடுக்கக் கிடைக்காது என்றார்.

“பெர்மனென்ட்கூட வேணாம் சார்,” என்றார் ஆபரேட்டர். “என்னென்ன புடிச்சாங்கன்னு எழுதின சீட்டு மாசாமாசம் குடுத்தா போதும்.”

கான்ட்ராக்டர் கூலி கொடுக்கும்போது ஆலையின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அப்படி யாரும் வந்து நின்று ஆபரேட்டர் பார்த்ததில்லை.